பிரான்ஸ்–இங்கிலாந்து ரக்பி வாரம்: எதற்குப் பயப்படுவது, எதை நம்புவது, எப்படிப் பார்ப்பது

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கடலூர்க்காரர். பெண் எடுத்தது புதுச்சேரியில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில். மாமனார் பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிரான்ஸ்–இங்கிலாந்து ரக்பி ஆட்டம் வரும் வாரத்தில் அந்த வீட்டில் யாருக்கும் நிலைகொள்வதில்லை. பிரான்ஸ் வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தாலும் "நாமதான் ஜெயிப்போம்" என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இந்த முறை மருமகனையும் ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவருக்குக் கிரிக்கெட்டும் கபடியும் தெரியும், ரக்பி தெரியாது. எதைக் கவனிப்பது, இந்தப் படபடப்புக்கு என்ன காரணம், வீட்டில் என்னென்ன ஏற்பாடு செய்வது என்று கேட்கிறார்.

உங்கள் மாமனார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் அதுவரை நன்றாக ஆடிய அணி தோற்பது புதிதல்ல. பெரும்பாலும் மூன்று விஷயங்கள்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன: யார் அதிகம் பெனால்டி (விதி மீறியதற்கு எதிரணிக்குப் போகும் தண்டனை உதை) கொடுக்கிறார்கள், கடைசி 20 நிமிடத்தில் இறங்கும் மாற்று ஆட்டக்காரர்கள் எப்படி, பந்தை உதைப்பவரின் கால் அன்றைக்கு எப்படி இருக்கிறது. இந்த மூன்றையும் எந்த நேரத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால், ஆட்டம் முழுக்கப் பதறாமல் பதற வேண்டிய இடத்தில் மட்டும் பதறலாம்.

பகையின் வயதைச் சொல்லிவிடுகிறேன். இரு நாடுகளும் முதலில் மோதியது 1906 மார்ச் 22-இல், பாரிஸில். இங்கிலாந்து 35–8 என்று ஜெயித்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆண்டுதோறும் ஆடிவந்த போட்டியில் 1910-இல் பிரான்ஸ் சேர்ந்ததும் அது ஐந்து நாடுகள் போட்டியாயிற்று. 2000-இல் இத்தாலியும் வந்து இப்போதைய சிக்ஸ் நேஷன்ஸ் ஆனது. ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆட்டம் லண்டன் ட்விக்கனம் மைதானத்தில், இரட்டைப்படை ஆண்டுகளில் பிரான்ஸில். பிரான்ஸில் என்றால் வழக்கமாகப் பாரிஸை ஒட்டிய சான் தெனியில் உள்ள ஸ்தாத் த பிரான்ஸ். 2024-இல் மட்டும் ஒலிம்பிக் ஏற்பாடுகளுக்காக லியோனுக்கு மாற்றினார்கள். (இடையில் ஒன்று. இதே போட்டியில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் ஆடிவரும் கல்கத்தா கோப்பை, கல்கத்தாவில் கலைக்கப்பட்ட ஒரு ரக்பி கழகத்தின் கையிருப்பில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. கைப்பிடிகள் நாகப்பாம்பு, மூடியில் யானை.)

கடலூர் மருமகன் என்பதால் உங்களைச் சீண்டுவார்கள், தயாராகப் போங்கள். தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை பிடித்தது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த பெரியவர்கள் இந்தக் கணக்கை இன்னும் மறக்கவில்லை. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு ரக்பி ஒட்டிக்கொண்டதற்கும் காரணம் உண்டு. பிரான்ஸின் தென்மேற்குதான் ரக்பியின் தாய்நிலம். பிரெஞ்சுத் தரைப்படையின் மரைன் பாராசூட் பிரிவுகள் இருக்கும் காஸ்த்ர், பயோன், கார்கசோன் எல்லாமே ரக்பி ஊர்கள்.

இனி அந்த வீட்டார் மனதில் ஆறாமல் கிடக்கும் ஆட்டங்கள். இவை தெரியாமல் அவர்கள் முகத்தைப் படிக்க முடியாது. 2003 உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னியில், மழையில். இங்கிலாந்து 24, பிரான்ஸ் 7. அந்த 24-ஐயும் ஜானி வில்கின்சன் ஒருவரே உதைத்தார்: ஐந்து பெனால்டி, மூன்று ட்ராப் கோல் (ஆட்டம் ஓடும்போதே கம்பத்துக்கு உதைப்பது). 2007-இல் உலகக் கோப்பையே பிரான்ஸில் நடந்தது. காலிறுதியில் நியூசிலாந்தை 20–18 என்று வீழ்த்திவிட்டு அரையிறுதிக்கு வந்த பிரான்ஸ், சொந்த மைதானத்தில் 75 நிமிடம் வரை 9–8 என்று முன்னணியில் இருந்தது. பிறகு ஒரு உயரமான டாக்கிள் (ஆளைத் தோளுக்கு மேலே பிடிப்பது), அதற்கு ஒரு பெனால்டி; மறுபடி வில்கின்சன், மறுபடி ஒரு ட்ராப் கோல், 14–9. பிரான்ஸ் 1987, 1999, 2011 என்று மூன்று முறை உலகக் கோப்பை இறுதிக்குப் போய் மூன்றிலும் தோற்றது. இன்றுவரை கோப்பை இல்லை. இங்கிலாந்திடம் 2003-இல் வென்ற கோப்பை இருக்கிறது. அதுவும் அவர்களுக்கு உறுத்தல்.

மறுபக்கமும் உண்டு. 2011-இல் குழு ஆட்டத்தில் டோங்காவிடம் தோற்று, ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் பேச்சுவார்த்தையே சரியில்லாமல் இருந்த பிரான்ஸ், காலிறுதியில் இங்கிலாந்தை 19–12 என்று வெளியேற்றியது. 2005-இல் ட்விக்கனத்தில் இடைவேளையின்போது 17–6 என்று பின்தங்கியிருந்தார்கள். ஒரு ட்ரை (பந்தை எதிரியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) கூட வைக்காமல், திமித்ரி யாஷ்விலியின் ஆறு பெனால்டிகளால் 18–17 என்று ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு சிக்ஸ் நேஷன்ஸில் ட்விக்கனத்தில் ஜெயிக்க 18 ஆண்டு காத்திருந்து, 2023-இல் 53–10 என்று தீர்த்துக்கொண்டார்கள். சொந்த மண்ணில் இங்கிலாந்து சந்தித்த மிகப் பெரிய தோல்வி அது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் உலகக் கோப்பைக் காலிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 28–29. ஒரே புள்ளி. அந்த வீட்டில் பெரிய வெற்றியைக் கூட யாரும் நம்பிக் கொண்டாடுவதில்லை என்றால் இதுதான் காரணம்.

இந்த வரிசையில் இன்னும் இரண்டு ஆட்டம். 2024 லியோன்: ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லாதபோது இங்கிலாந்து ட்ரை வைத்து 31–30 என்று முந்தியது. கடைசி நிமிடத்தில் நடுக்கோட்டருகே கிடைத்த பெனால்டியைத் தொமா ரமோஸ் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினார், 33–31. 2025 ட்விக்கனம்: முந்தைய வாரம்தான் வேல்ஸை 43–0 என்று நொறுக்கிவிட்டு வந்த பிரான்ஸ், கோட்டருகே வரை போய்ப் பந்தை நழுவவிட்டுக்கொண்டே இருந்தது. 75-ஆவது நிமிடத்தில் 25–19 என்று முந்தியும், 79-ஆவது நிமிடத்தில் எலியட் டேலி ட்ரை வைக்க, ஃபின் ஸ்மித் அதற்கான கூடுதல் உதையான கன்வெர்ஷனை உதைக்க, 26–25 என்று இங்கிலாந்து வாங்கிக்கொண்டது. 18–17, 33–31, 26–25. இந்த எண்களைப் பார்த்தாலே புரியும், ஒவ்வொரு பெனால்டிக்கும் ஏன் மூச்சைப் பிடிக்கிறார்கள் என்று.

சரி, ஆட்டம். ஒரு பக்கம் 15 பேர், 40 நிமிடம் வீதம் இரண்டு பாதி. கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 5 புள்ளி. அதற்குப் பிறகு உதைக்கும் கன்வெர்ஷன் 2. பெனால்டியைக் கம்பத்துக்கு உதைத்தால் 3. ஆட்டம் ஓடும்போதே பந்தைத் தரையில் குத்தி, எழும்பும்போது உதைக்கும் ட்ராப் கோலுக்கும் 3. பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கவாட்டில் அல்லது பின்னால்தான். முன்னேற வேண்டுமானால் ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும்.

உங்களுக்குக் கபடி தெரியும் என்பதால் ஒன்று சொல்கிறேன்: கபடியில் ஆளைப் பிடித்தால் அந்தப் பாட்டு முடிந்தது; ரக்பியில் ஆளைப் பிடித்த பிறகுதான் உண்மையான சண்டை ஆரம்பிக்கிறது. கீழே விழுந்தவர் உடனே பந்தை விட வேண்டும். பிடித்தவர் உடனே ஆளை விட்டு விலக வேண்டும். இரண்டு பக்கத்து ஆட்களும் பந்துக்கு மேலே நின்று முட்டித் தள்ளுவதற்குப் பெயர் ரக். ஓர் ஆட்டத்தில் இது நூற்றுக்கு மேல் நடக்கும். பெனால்டிகளில் பெரும் பங்கு இங்கேதான் பிறக்கிறது. விழுந்தவர் பந்தை விடாமல் வைத்திருப்பது, பக்கவாட்டில் இருந்து நுழைவது, கையை ஊன்றிக்கொண்டு பந்தைத் தோண்டுவது, கடைசி ஆளின் காலுக்கு முன்னால் நிற்பது, இந்த நான்கைத் தெரிந்துகொண்டால் நடுவர் ஏன் ஊதுகிறார் என்பது பாதிக்கு மேல் விளங்கிவிடும். நடுவர் கையை எந்தப் பக்கம் சாய்த்து உயர்த்துகிறாரோ அந்த அணிக்குத்தான் பெனால்டி. அதைப் பாருங்கள், வர்ணனை தேவைப்படாது.

பெனால்டி கிடைத்த அணித்தலைவர் எடுக்கும் முடிவில்தான் ரசிகனுக்கு வயிற்றைக் கலக்கும். கம்பத்துக்கு உதைத்தால் 3 புள்ளி. பக்கக் கோட்டுக்கு வெளியே, எதிரியின் கோல் கோட்டுக்கு அருகே உதைத்தால் அங்கே லைன் அவுட் கிடைக்கும். பந்தை எறியும் உரிமையும் தங்களுக்கே. உயரமான ஒருவரைத் தூக்கிப் பந்தைப் பிடித்து, எட்டுப் பேர் கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டே போவார்கள். இதற்கு மால் என்று பெயர். இது ட்ரையில் முடிந்தால் 5, கன்வெர்ஷனோடு 7. எதிரணி அதை முறைகேடாகச் சரித்து, இல்லாவிட்டால் ட்ரை அநேகமாக வந்திருக்கும் என்று நடுவர் கருதினால், பெனால்டி ட்ரை: உதைக்காமலே 7 புள்ளி, கூடவே ஒரு மஞ்சள் அட்டை. ஆனால் எறிந்த பந்தை எதிரணி பறித்துவிட்டால் 3-ம் போச்சு, 7-ம் போச்சு. ஆட்டம் ஐந்து புள்ளிக்குள் நெருக்கமாக இருக்கும்போது 3-ஐ வேண்டாம் என்பவர் துணிச்சல்காரர். இந்த ஆட்டத்தின் பழைய கணக்கைப் பார்த்தால், முதல் பாதியில் கிடைக்கும் 3-ஐ எடுத்துக்கொள்வதே சரி என்பது என் எண்ணம். 2005-இல் பிரான்ஸ் அப்படித்தான் பிழைத்தது.

ஸ்க்ரம் என்பது இரு அணியின் எட்டுப் பேரும் தலை கோத்துத் தள்ளுவது. யாராவது பந்தை முன்னால் நழுவவிட்டால் வருவது இதுதான். முன்வரிசை மூவரில் 3-ஆம் எண்காரர் மேல் பாரம் அதிகம். அவர் மடங்கினால் மொத்தமும் சரியும், சரிந்தால் பல நேரம் பெனால்டி. மழை பெய்தால் பந்து வழுக்கும், நழுவல் கூடும், ஸ்க்ரம் கூடும். ஆகவே சனிக்கிழமை லண்டனிலோ பாரிஸிலோ மழை என்று தெரிந்தால், ஓடி விளையாடும் பிரான்ஸைவிட, உதைத்து நெருக்கும் இங்கிலாந்துக்கு அது சாதகம் என்று வீட்டில் முகம் வாடும். அதில் தவறில்லை.

ஆட்டம் பார்க்கும் வேலை சனிக்கிழமை ஆரம்பிப்பதில்லை. வழக்கமாக இரண்டு நாள் முன்பே 23 பேர் பட்டியல் வந்துவிடும். பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், சட்டை எண்கள் மாறாது. அதனால் எண்ணை வைத்துப் படியுங்கள். 1 முதல் 8 வரை முன்களத்தார், 9 முதல் 15 வரை பின்களத்தார். முதலில் 9-ஐயும் 10-ஐயும் பாருங்கள், இவர்கள்தான் ஆட்டத்தை ஓட்டுகிறவர்கள். பிரான்ஸுக்கு 9 என்றால் அந்துவான் துப்போன். அவர் பெயர் பட்டியலில் இருந்தால் வீட்டில் ஒரு சுற்றுக் காபி கூடுதலாக வரும், இல்லையென்றால் பேச்சே இருக்காது. இரண்டாவதாக, பந்தை உதைப்பவர் யார், அவர் தவறினால் அடுத்தவர் யார். ரமோஸ் 2025-இல் பிரான்ஸுக்காக அதிகப் புள்ளி குவித்தவர் என்ற பெயரை வாங்கியவர். அவர் இல்லாத பட்டியல் என்றால் கவலைப்படலாம். மூன்றாவதாக 11, 14, ஓரத்து ஓட்டக்காரர்கள். லூயி பியேல்-பியாரே 2025 போட்டியில் மட்டும் 8 ட்ரை வைத்தார்.

பலரும் கவனிக்காமல் விடுவது 16 முதல் 23 வரை உள்ள மாற்று ஆட்டக்காரர்களை. எட்டில் மூவர் கட்டாயம் முன்வரிசைக்காரர்கள். மீதி ஐந்தை அணி எப்படிப் பங்கிடுகிறது என்பதில்தான் பயிற்சியாளரின் நினைப்பு தெரியும். மொத்த எட்டில் ஐந்து முன்களத்தார், மூன்று பின்களத்தார் என்றால் பாதுகாப்பான பங்கீடு. ஆறுக்கு இரண்டு என்றால் கடைசி 25 நிமிடம் முன்களத்தில் நசுக்கப் போகிறார்கள். ஏழுக்கு ஒன்று என்றால் பெரிய சூதாட்டம். 2025-இல் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராகப் பிரான்ஸ் அதைச் செய்து 42–27 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தில்தான் துப்போனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பின்களத்தில் இரண்டு பேருக்கு அடிபட்டால், இந்தப் பங்கீட்டில் கனமான முன்களத்துக்காரர் ஒருவர் ஓரத்தில் ஓட வேண்டிவரும். எதிரணி அவர் பக்கமே உதைத்துக்கொண்டிருக்கும்.

ஆட்டம் தொடங்கியதும் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு முதல் 20 நிமிடத்துக்கு ஒன்றே ஒன்றை எண்ணுங்கள்: எந்த அணி எத்தனை பெனால்டி கொடுத்தது. புள்ளிப் பலகையைவிட இது நிலைமையைச் சரியாகக் காட்டும். முழு ஆட்டத்துக்கும் பத்துக்குக் கீழே என்றால் ஒழுக்கமான அணி. முதல் 20 நிமிடத்திலேயே ஐந்து, ஆறு என்று போனால் வினை வருகிறது என்று பொருள். தொடர்ந்து ஒரே தவறு நடந்தால் நடுவர் அணித்தலைவரைக் கூப்பிட்டு எச்சரிப்பார். அடுத்தது மஞ்சள் அட்டை, பத்து நிமிடம் வெளியே, 14 பேரோடு ஆட வேண்டும். தலையில் தோள் பட்டால் மஞ்சள் காட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் தனி அலுவலர் ஒருவர் படத்தைப் பார்த்து, சிவப்பாக உயர்த்தவும் கூடும். 2025 சிக்ஸ் நேஷன்ஸ் முதல், இப்படி வரும் சிவப்பு அட்டைக்கு 20 நிமிடம் கழித்து வேறு ஆளை இறக்கலாம். வேண்டுமென்றே செய்த அடிதடிக்கு அந்தச் சலுகை இல்லை. பிரான்ஸ் இதில் பட்டது பழைய கதை: 1992-இல் பாரிஸில் ஒரே ஆட்டத்தில் முன்வரிசைக்காரர் இருவர் வெளியேற்றப்பட்டு, 13–31 என்று தோற்றார்கள். அந்தத் தலைமுறைக்காரர் இன்றும் டாக்கிளில் நிமிர்ந்து போகும் ஆளைப் பார்த்தால் திட்டுவார்.

நடுவே இரு அணியும் மாறி மாறிப் பந்தை உதைத்துக்கொண்டே இருப்பது உங்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். அது இடத்துக்கான சண்டை. சொந்தப் பாதியில் இருந்து உதைத்த பந்து மைதானத்துக்குள் ஒரு முறையாவது குத்திவிட்டு, எதிரியின் கோல் கோட்டை ஒட்டிய 22 மீட்டர் பகுதியில் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனால், உதைத்த அணிக்கே லைன் அவுட். அதனால் எதிரணி பின்னால் ஆள் நிறுத்தியாக வேண்டும். முன்னால் ஆள் குறையும். ஓட இடம் கிடைக்கும். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள், சலிப்பு போய்விடும்.

கன்வெர்ஷனில் ஒரு நுணுக்கம். ட்ரை வைத்த இடத்துக்கு நேராகப் பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய் உதைக்கலாம், ஆனால் அந்த நேர்கோட்டை விட்டு விலக முடியாது. ஆகவே ஓரத்தில் வைத்த ட்ரைக்கு 2 புள்ளி கடினம். கோட்டைத் தாண்டிய ஆட்டக்காரர் உடனே விழாமல் கம்பத்தை நோக்கி வளைந்து ஓடுவது இதற்காகத்தான். உதைப்பவர் அடியெடுத்து வைத்ததும் எதிரணி கோல் கோட்டில் இருந்து பாய்ந்து வந்து தடுக்கலாம். 2023 காலிறுதியில் ரமோஸின் கன்வெர்ஷனைச் செஸ்லின் கோல்பே அப்படித்தான் தடுத்தார். அன்று போனது 2 புள்ளி, தோற்றது ஒரு புள்ளியில். பெனால்டி உதைக்கும்போது அப்படிப் பாய முடியாது, அசையாமல் நிற்க வேண்டும். இரண்டுக்கும் 60 வினாடிதான் நேரம், திரையில் ஓடும்.

55-ஆவது நிமிடத்தில் இருந்து 65 வரை முன்வரிசை மாறும். அதற்குப் பிறகு வரும் முதல் இரண்டு ஸ்க்ரம்களை விடாமல் பாருங்கள். புதிய மூவர் முன்னே தள்ளினால் கடைசி 15 நிமிடம் அந்த அணியுடையது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பின்னே போனால் ஐந்து புள்ளி முன்னணி எல்லாம் பத்தாது. என்னைக் கேட்டால், இந்த ஆட்டத்தில் எட்டுப் புள்ளிக்குக் குறைந்த எந்த முன்னணியும் முன்னணியே இல்லை. ஒரு ட்ரையும் கன்வெர்ஷனும் சேர்ந்தால் 7.

80 நிமிடம் ஆனதும் ஆட்டம் முடியாது. பந்து வெளியே போக வேண்டும், அல்லது ஏதாவது தவறில் ஆட்டம் நிற்க வேண்டும். கடிகாரம் சிவப்பாகி இரண்டு மூன்று நிமிடம்கூட ஓடலாம். அப்போது பெனால்டி கொடுத்தால் அதை உதைக்க விடுவார்கள். ஆகவே 80 ஆனதும் எழுந்து கைதட்டாதீர்கள். முன்னணியில் உள்ள அணி பந்தை வெளியே உதைப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எழுந்திருங்கள்.

தோற்றாலும் உடனே தொலைக்காட்சியை அணைக்க வேண்டாம். ஜெயித்தால் 4 புள்ளி, நான்கு ட்ரை வைத்தால் கூடுதலாக 1, ஏழு புள்ளி அல்லது அதற்குள் தோற்றாலும் 1. 2025-இல் பிரான்ஸ் ட்விக்கனத்தில் தோற்றும் ஒரு புள்ளியோடு வந்தது. மற்ற நான்கு ஆட்டத்திலும் ஐந்தைந்து எடுத்து 21-இல் முடித்தது. இங்கிலாந்து 20. கோப்பை பிரான்ஸுக்கு. அன்றிரவு அழுதவர்களுக்கு அந்த ஒற்றைப் புள்ளி கண்ணில் பட்டிருக்காது.

இப்போது வீட்டு ஏற்பாடு. நேரம்தான் முதல் சிக்கல். பிப்ரவரி, மார்ச்சில் நமக்கும் லண்டனுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம், பிரான்ஸுக்கும் நமக்கும் நாலரை. லண்டனில் மாலை 4.45 என்றால் இங்கே இரவு 10.15, பிரான்ஸில் இரவு 9 என்றால் இங்கே நடுநிசி தாண்டி 1.30. சனிக்கிழமை ஆட்டம் என்று சொல்லும் இந்த இரண்டாவது வகை நம் நாட்காட்டியில் ஞாயிறு. கைபேசியில் நினைவூட்டல் வைப்பவர்கள் தேதியைத் தவறவிடுவது இங்கேதான். இடைவேளை 15 நிமிடம், நடுவில் படம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் தாமதங்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகும்.

இந்தியாவில் ஒளிபரப்பு உரிமை அடிக்கடி கைமாறுகிறது. போன ஆண்டு பார்த்த செயலியிலேயே இருக்கும் என்று நம்பாமல், ஒரு வாரம் முன்பே பார்த்துச் சந்தா கட்டி, அன்று நடக்கும் வேறொரு ஆட்டத்தை ஓட்டிச் சோதித்துவிடுங்கள். பிரான்ஸ் தொலைக்காட்சிகளின் இணைய ஒளிபரப்பு பெரும்பாலும் அந்த நாட்டுக்குள் மட்டுமே திறக்கும். கைபேசி இணையத்தில் இருந்து தொலைக்காட்சிக்கு விடுவதாக இருந்தால், தெளிவான படத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 2 முதல் 3 ஜிபி போகும். தினசரி அளவுள்ள திட்டங்களில் கணக்கு நள்ளிரவில் புதுப்பிக்கப்படும். 10.15 ஆட்டம் என்றால் முதல் பாதியும் இரண்டாம் பாதியின் பெரும்பகுதியும் பழைய நாளின் அளவில்தான் ஓடும். பகலில் தீர்த்துவிட்டால் கடைசி பத்து நிமிடத்துக்கு முன் படம் நிற்கும். தனியாக ஒரு கூடுதல் பொதியைப் போட்டுவையுங்கள்.

இணைய ஒளிபரப்பு உண்மை ஆட்டத்தைவிட அரை நிமிடம், சில சமயம் அதற்கும் மேல் பின்தங்கி வரும். பாரிஸ் பக்கம் இருக்கும் உறவினர்களின் வாட்ஸாப் அதைவிட வேகம். ரமோஸ் பந்தை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைத்துனரின் செய்தி வந்து விழும். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோர் கைபேசியையும் ஒலியடக்கிக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். பிரான்ஸில் இருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மொட்டை மாடியில் திரை கட்டும் யோசனை அழகானதுதான், ஆனால் அந்த மாதங்களில் நள்ளிரவுப் பனி கருவிகளில் இறங்கும். இரவு 10 மணிக்கு மேல் வெளியே ஒலிபெருக்கி வைக்கச் சட்டமும் இடம் தராது. கூடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு பாருங்கள். சாப்பாட்டை ஆட்டத்துக்கு முன்பே முடித்துவிட்டு, நடுவில் கையால் எடுத்துச் சாப்பிடுகிறவற்றை மட்டும் வையுங்கள்: கட்லெட், சமோசா, காலையில் பேக்கரியில் வாங்கிய நீள ரொட்டியை அறுத்து வைத்தது. காபிக்கு டிகாக்ஷனை முன்பே இறக்கிவிட்டால் இடைவேளையில் பாலைக் காய்ச்சினால் போதும்.

பிரான்ஸ் தேசிய கீதம் வரும்போது பெரியவர்கள் எழுந்து நிற்பார்கள்; நீங்களும் நில்லுங்கள். அவர்கள் ட்ரையை எஸ்ஸே என்பார்கள், ஸ்க்ரம்மை மெலே, லைன் அவுட்டை தூஷ், பந்து முன்னால் நழுவினால் ஆனவான். இந்த நான்கும் தெரிந்தால் உரையாடலில் சேர்ந்துகொள்ளலாம். இடைவேளையில் பிரான்ஸ் 15 புள்ளி முன்னணியில் இருந்தாலும் "முடிஞ்சுது மாமா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெனால்டிக் கணக்கைச் சொல்லுங்கள், "இங்கிலாந்து எட்டு, நாம மூணு" என்றால் அவரே உங்கள் பக்கம் நாற்காலியை நகர்த்துவார்.

சனிக்கிழமைக்கு முன் இரண்டு பழைய ஆட்டங்களின் கடைசி 15 நிமிடத்தைப் பார்த்துவிடுங்கள், 2024 லியோன், 2025 ட்விக்கனம். சுருக்கப் படம் வேண்டாம். 65-ஆவது நிமிடத்தில் இருந்து நிறுத்தாமல் ஓடும் பதிவாகத் தேடுங்கள், மாற்று ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பது அதில்தான் தெரியும். லியோன் ஆட்டத்தை மாமனாரோடு உட்கார்ந்து பாருங்கள், கடைசிப் பெனால்டிக்கு முன் என்ன நடந்தது என்று அவரே விளக்குவார். ட்விக்கனத்தைத் தனியாகப் பாருங்கள். அந்த வாரத்தில் அவர் முன்னால் அதை ஓட்ட வேண்டாம்.